பெடலைக் கழட்டின சைக்கிளும் மகளின்ரை பலன்ஸும்

"பிள்ளைக்கு பலன்ஸ் காணாது, கையிலை காலிலை பெலனும் இல்லை, என்ன எக்சசைஸ் குடுக்கலாம்?" எண்டு என்னட்டைக் கேக்கிறவை இப்ப கூடிப்போச்சினம். போன வருசம் முழுக்க நான் மகளோட ஒழுங்கையில திரிஞ்சதை யாழ்ப்பாணத்துக் கொக்குவில்ல பாதிச்சனம் பாத்ததுதானே. நான் அவையிட்டைத் திருப்பிக் கேக்கிறது ஒண்டுதான், பிள்ளைக்கு என்ன செய்ய ஆசை? பாலத்தில நடக்க ஆசையோ, சைக்கிள் ஓட ஆசையோ, பக்கத்து வீட்டுப் பெடியளோட கிளித்தட்டு விளையாட ஆசையோ? அது தெரியாமல் காலைத் தூக்கு, கையை நீட்டு எண்டு எக்சசைஸ் குடுத்தால் பிள்ளை ஒரு கிழமை செய்யும், பேந்து வயித்துக்குத்து எண்டு போய்ப் படுத்திடும்.

எங்கடை மகளுக்கு இப்ப எட்டு வயசு, உடம்பசைவுகளை ஒழுங்காச் சேர்த்துச் செய்யக் கஷ்டப்படுற ஒரு பிரச்சினை அவளுக்கு இருக்கு. எட்டாம் மாசத்திலையே பிறந்த பிள்ளை, நடந்ததும் பிந்தித்தான், ஆனா அது ஒண்டும் பெரிய விசயமாத் தெரியேல்லை. முன்பள்ளியில மற்றப் பிள்ளையள் எல்லாம் கெந்திக்கெந்தி ஓடேக்க இவள் ரீச்சரின்ரை சீலைத் தலைப்பைப் பிடிச்சுக்கொண்டு நிப்பாள். சமதரையில நடக்கேக்கயும் தடக்குப்படுவாள், கதவு நிலையில தோள்மூட்டு இடிபடும், தண்ணி ஊத்தினால் கப்புக்கு வெளியாலதான் கூட. சேட்டுத் தெறி பூட்டத் துவங்கினால் பள்ளிக்கூட வான் வந்து ஹோர்ன் அடிச்சுப்போட்டுப் போயிடும். எழுத்தோ கோழி கிளறினமாதிரி. ஆனா வாய் திறந்து கதை சொன்னால் எங்கடை சந்ததியிலையே இப்பிடி ஒருத்தரும் கதைச்சதில்லை, அவ்வளவு வடிவாக் கதைப்பாள். அதாலதான் "கெட்டிக்காரி, ஆனா சோம்பேறி" எண்டு ஒரு ரீச்சர் ரிப்போட்டில எழுதிவிட்டவ. அந்த வசனத்தை வாசிச்ச நாளில இருந்து சோம்பேறி எண்ட சொல்லையே எங்கடை வீட்டில தடை செய்தாச்சு.

பெடியன் எண்டால் இதெல்லாம் வெள்ளனவே பிடிபட்டிருக்கும் எண்டு நினைக்கிறன். பெடியன் ஓடாமல் ஒரு மூலையில இருந்தால் "என்னடா பொம்பிளைப்பிள்ளை மாதிரி" எண்டு நாலு பேர் கேப்பினம், பெட்டைப் பிள்ளை மூலையில இருந்தால் "அடக்கமான பிள்ளை" எண்டு மெச்சுவினம். எங்கடை மாமியும் அப்பிடித்தான் மெச்சினவ, பாவம், அவவுக்கு அது உண்மையிலேயே நல்ல குணமாத்தான் பட்டது. உலகம் முழுக்கவே இந்தப் பிரச்சினை பெடியளிலதான் கூடக் கண்டுபிடிக்கினமாம், அதில எவ்வளவு உண்மையான வித்தியாசம், எவ்வளவு இந்த அடக்கமான பிள்ளைக் கதை எண்டது எனக்கு எப்பவும் ஒரு சந்தேகம்.

பேர் சொல்லவேணும் எண்டால் டிவலப்மென்டல் கோர்டினேஷன் டிசோடர், சுருக்கமா டிசிடி. கன பேர் டிஸ்ப்ராக்சியா எண்டும் சொல்லுவினம். பள்ளிக்கூட வயசுப் பிள்ளையளில நூற்றுக்கு 5, 6 பேருக்கு இருக்கு எண்டுதான் 2013 இல வந்த அமெரிக்க மனநல வைத்தியர்களின்ரை கைநூலிலை, அதுதான் டிஎஸ்எம்-5, போட்டிருக்கினம். அப்பிடி எண்டால் எங்கடை பள்ளிக்கூடங்களில நாப்பது பிள்ளையள் இருக்கிற வகுப்பில ரெண்டு பேராவது. அந்த ரெண்டு பேரும் அநேகமா கடைசி வாங்கில இருந்து பென்சிலை விழுத்தி விழுத்தி ஏச்சு வாங்கிக்கொண்டு இருப்பினம். புத்திக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. தசையில வருத்தமும் இல்லை. மூளை ஒரு அசைவைத் திட்டம்போட்டு, உடம்புக்குச் சொல்லி, பிழைச்சால் திருத்தி, அடுத்தமுறை யோசிக்காமலே செய்யிற அளவுக்குப் பழகிக்கொள்ளுற அந்த வேலைதான் இவையளுக்கு மெதுவா நடக்குது. ஏன் வருது எண்டதுக்கு ஒற்றைக் காரணம் இல்லை, நாள் காணாமல் பிறந்த பிள்ளையளுக்கும் நிறை குறைவாப் பிறந்த பிள்ளையளுக்கும் கூட வரும். கவனம் சிதறுற ஏடிஎச்டியும் கனபேருக்குக் கூடவே இருக்கும். அஞ்சு வயசுக்கு முதல் அநேகமா இந்தப் பேரைப் போடமாட்டினம், ஏனெண்டால் அந்த வயசில பிள்ளைக்குப் பிள்ளை வித்தியாசம் சரியான கூட.

இதில ஒரு விசயத்தை இடையில சொல்லிப்போட்டுத்தான் போகவேணும், சொல்லாமல் விட்டால் பாவம். தடக்குப்படுற எல்லாப் பிள்ளைக்கும் டிசிடி இல்லை. முந்தி வடிவாப் படி ஏறின பிள்ளை இப்ப ஏறக் கஷ்டப்படுகுது, நிலத்தில இருந்து எழும்பேக்க கையைத் தொடையில ஊண்டி ஊண்டித்தான் நிமிருது, கெண்டைக்கால் ரெண்டும் பாக்கப் பருத்திருக்கு, எந்த நேரமும் நுனிக்காலில நடக்குது, ஒருபக்கக் கையோ காலோ மட்டும் பெலன் குறைவு, இப்பிடி ஏதும் கண்டால் வீட்டு வைத்தியமும் வேண்டாம் என்ரை கதையும் வேண்டாம், உடன டொக்டரிட்டைக் கொண்டுபோங்கோ. முக்கியமாப் பெடியன் பிள்ளையள். தசை தேயுற வருத்தங்கள் மூண்டு நாலு வயசில இப்பிடித்தான் துவங்கும், அதுக்கு சிகே எண்டு ஒரு சின்ன ரத்தச் சோதனை இருக்கு. டிசிடி பிள்ளை மெதுவா முன்னேறும், ஆனா தெரிஞ்சதை இழக்காது. அதுதான் பெரிய வித்தியாசம். கண்ணையும் ஒருக்காச் சோதிச்சுப்போடுங்கோ, கண்ணாடி போட்ட உடன பாதித் தடக்கல் நிண்ட பிள்ளையளும் இருக்கினம்.

எங்களைப் பிள்ளையள் டொக்டர்தான் பாத்து, வேறை வருத்தம் ஒண்டும் இல்லை எண்டு உறுதிப்படுத்திப்போட்டு, பிசியோவுக்கும் ஓடிக்கும் எழுதித் தந்தவர். ஓடி எண்டால் ஒக்குபேஷனல் தெரப்பி, அன்றாட வேலையளைச் செய்யப் பழக்கிற சிகிச்சை. அந்த ஓடி மிஸ் மகளை மணி கோக்கச் சொன்னா, பையைக் குறிபாத்து எறியச் சொன்னா, கோட்டில குதிக்காலும் பெருவிரலும் முட்ட முட்ட நடக்கச் சொன்னா, ஒற்றைக்காலில நிக்க வைச்சு நேரம் பாத்தா. அதெல்லாம் முடிய, நான் கொப்பியும் பேனையுமா எக்சசைஸ் லிஸ்ட் எழுத ரெடியா இருக்க, அவ மகளைப் பாத்து "உமக்கு என்ன பழக விருப்பம்?" எண்டு கேட்டா. மகள் என்னைப் பாத்தாள். நான் எழுத்து எண்டு சொல்லுவாள் எண்டு நினைச்சன். அவள் "சைக்கிள்" எண்டாள்.

யாழ்ப்பாணத்தில சைக்கிள் ஓடத் தெரியாத பிள்ளை எண்டால் என்னெண்டு உங்களுக்குத் தெரியும்தானே. ரியூசனுக்கு, கோயிலுக்கு, கடைக்கு, எல்லாத்துக்கும் சைக்கிள். இவளின்ரை ஒண்டுவிட்ட தங்கச்சி, ரெண்டு வயசு இளையவள், எங்கடை கேற்றடியில வந்து வட்டம் அடிச்சுப்போட்டுப் போவாள்.

இந்த வழிக்குப் பின்னால ஆராய்ச்சி இருக்கு, நான் பேந்துதான் வாசிச்சன். ஐரோப்பாவில இந்தப் பிள்ளையளுக்கெண்டு ஒரு வழிகாட்டி எழுதியிருக்கினம், 2012 இல ஒருக்கா, 2019 இல திருத்தி இன்னொருக்கா. அதில என்ன சொல்லுகினம் எண்டால், பிள்ளையின்ரை தசையைத் தனியா, பலன்ஸைத் தனியா, புலனுணர்வைத் தனியாத் திருத்தினால் எல்லாம் தன்ரைபாட்டில சேர்ந்துவரும் எண்டு பாத்துக்கொண்டிராமல், பிள்ளை செய்ய நினைக்கிற வேலையையே நேரடியாப் பழக்குங்கோ எண்டு. கனடாவில பொலடாய்க்கோ எண்ட ஒரு அம்மாவும் கூட்டாளிமாரும் செய்த கோ-ஓப் எண்ட முறையும் இதே வழிதான். இலக்கு, திட்டம், செய், பார். நாலே நாலு படி, இதில முக்கியம் திட்டத்தைப் பிள்ளைதான் சொல்லவேணும், நாங்கள் சொல்லக் கூடாது. இது எனக்குச் சரியான கஷ்டமா இருந்தது, ஏனெண்டால் எனக்கு வாய் சும்மா கிடக்காது.

சரி, சைக்கிள் கதைக்கு வாறன். முதல் வேலையா ரெண்டு பெடலையும் கழட்டினது. கடையில கொண்டுபோய்க் குடுக்க அந்த அண்ணை சிரிச்சார், "என்ன தங்கச்சி, எல்லாரும் பூட்டக் கொண்டுவருவினம், நீங்கள் கழட்டக் கொண்டந்திருக்கிறியள்?" எண்டு. வீட்டிலையே கழட்டுறவைக்கு ஒரு விசயம், இடதுபக்கப் பெடலின்ரை மரை மற்றப்பக்கம் ஓடும், வழமையாக் கழட்டுற பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும். பேந்து சீற்றை நல்லாப் பதிச்சு, இருக்கேக்க ரெண்டு பாதமும் முழுசா நிலத்தில படுறமாதிரி வைக்கவேணும். பக்கத்தில ரெண்டு சின்னச் சில்லுப் பூட்டிற வேலை வேண்டாம். அந்தச் சில்லு இருந்தால் சைக்கிள் சரியாது, சரியாத சைக்கிளில பலன்ஸ் பழகவே ஏலாது, கழட்டின அண்டைக்குப் பிள்ளை திரும்பவும் முதலாம் படிதான்.

பெடல் இல்லாத சைக்கிளில இருந்து காலால தள்ளித்தள்ளிப் போறது. முதல் நடை, பேந்து நீளமா எட்டுவைச்சு, பேந்து ரெண்டு காலையும் கொஞ்சம் தூக்கி மிதக்கவிடுறது. எங்கடை ஒழுங்கை கோயிலடிப் பக்கம் கொஞ்சம் சரிவு, அது நல்லாக் கைகொடுத்தது. இந்தத் தள்ளலிலையே தொடை, இடுப்பு, வயிறு எல்லாத்துக்கும் வேலை, அதுக்கெண்டு தனி எக்சசைஸ் தேவைப்படேல்லை. ஒவ்வொருக்காவும் நான் கேக்கிறது ரெண்டு கேள்விதான், "இப்ப என்ன நடந்தது? அடுத்தமுறை என்ன மாத்திப் பாப்பம்?" துவக்கத்தில "தெரியாது, விழுந்திட்டன்" எண்டுதான் மறுமொழி வரும். கொஞ்சநாள் போக ஒரு பின்னேரம் அவளாவே சொன்னாள், "அம்மா, நான் முன்சில்லைப் பாத்தால் விழுறன், அந்த வேப்பமரத்தைப் பாத்தால் விழேல்லை." இதை நான் சொல்லியிருந்தால் ஒரு காதால வாங்கி மற்றக் காதால விட்டிருப்பாள். தானாக் கண்டுபிடிச்சதை அவள் மறக்கவும் இல்லை, கப்பில தண்ணி கொண்டுவரேக்கயும் கப்பைப் பாக்காமல் மேசையைப் பாத்து வரத் துவங்கினாள், அதை நான் சொல்லிக்குடுக்கவே இல்லை.

மிதக்கிறது நல்லா வந்தாப்பிறகுதான் பெடல் பூட்டினது. இவர்தான் பின்னால ஓடினவர், சைக்கிளைப் பிடிக்காமல் பிள்ளையின்ரை தோளடியில சட்டையை லேசாப் பிடிச்சுக்கொண்டு. சைக்கிளைப் பிடிச்சால் பலன்ஸ் அப்பாவின்ரை கையிலதான் இருக்கும், பிள்ளையிட்டை வராது.

பலன்ஸ் எண்டதை நாங்கள் காலிலதான் இருக்கெண்டு நினைக்கிறம். உண்மையில கண், உள்காது, மூட்டுகளும் தசைகளும் அனுப்புற செய்தி, இந்த மூண்டையும் மூளை சேர்த்துத்தான் நாங்கள் நிக்கிறம். ஒருக்கா நீங்களே ஒற்றைக்காலில நிண்டு கண்ணை மூடிப் பாருங்கோ, விளங்கும். எங்கடை மகள் கண்ணிலதான் கூட நம்பி இருந்தவள் எண்டதை நான் கரண்ட் போன ஒரு இரவிலதான் கவனிச்சன், தன்ரை வீட்டிலையே சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு வந்தாள். அதுக்குப் பிறகு இருட்டில குசினிக்கு நடக்கிறது ஒரு விளையாட்டாப் போச்சு, நான் பின்னால, அவள் முன்னால.

பெலனைப் பற்றிக் கேட்டால், டிசிடி பிள்ளைக்குப் பிறவியில பெலன் இல்லை எண்டில்லை. விளையாடினால் விழுவன், சிரிப்பினம் எண்டு விளையாடாமல் விடும், விளையாடாமல் விட உடம்பு இளகும், இளகின உடம்பு கெதியாக் களைக்கும், களைக்க இன்னும் விளையாடாது. இந்தச் சுத்துக்குள்ளதான் பெலன் போறது. உலக சுகாதார நிறுவனம் 2020 இல சொன்னது, 5 வயசில இருந்து 17 வயசு மட்டும் எல்லாப் பிள்ளைக்கும் ஒரு நாளைக்குச் சராசரி 60 நிமிசமாவது உடம்பு ஓடியாட வேணும், கிழமையில 3 நாளாவது தசையும் எலும்பும் உறுதியாகிற வேலை இருக்கவேணும் எண்டு. சாதாரணப் பிள்ளைக்கே இது. எங்கடை பிள்ளையள் ஒண்டரை ரெண்டு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்து, சோத்தை விழுங்கி, ரியூசன் வாங்கில குந்தி, இருட்டுப்பட வீட்டை வந்து, ஹோம்வேர்க் செய்து படுக்கினம். சனி ஞாயிறும் அதே. எந்த நேரத்தில இந்தப் பிள்ளை ஓடியாடும்? நாங்கள் ஒரு ரியூசன் வகுப்பை நிப்பாட்டினம். "புலமைப்பரிசில் சோதினை வரப்போகுது, உங்களுக்கென்ன விசரோ" எண்டு மச்சாள் முகத்துக்கு நேரவே கேட்டவ. கேக்கட்டும்.

நிப்பாட்டின அந்த நேரம் முழுக்க வளவுக்குள்ளதான். பலன்ஸ் போர்ட், பெரிய ஜிம் பந்து எல்லாம் ஒன்லைனில விக்கினம், விலையைப் பாத்தால் தலை சுத்தும், ஒண்டும் வாங்கேல்லை. வெட்டி விழுத்தின தென்னங்குத்தி ஒண்டு கிடந்தது, ரெண்டு பக்கமும் கல்லு வைச்சு உருளாமல் இறுக்கிவிட்டம், அதுக்கு மேல நடக்கிறது. முதல் கை பிடிச்சு, பேந்து விரல் பிடிச்சு, பேந்து நான் பக்கத்தில சும்மா. கிணத்தில தண்ணி அள்ளேக்க கப்பிக் கயிறை நானும் அவளுமா இழுக்கிறது, எங்கடை கிணத்துக்கட்டு உயரம், அதோட நான் இல்லாமல் கிட்டப் போகக்கூடாது எண்டது சட்டம். அள்ளின தண்ணியைச் சின்ன வாளியில பூக்கண்டுகளுக்குக் கொண்டுபோறது, முதல் கால் வாளி, பிறகு அரை வாளி. ரெண்டு கையிலையும் வாளி இருந்தால் சுகம், ஒரு கையில மட்டும் எண்டால் இடுப்புக்கு வேலை கூட, ஆனபடியால் ஒற்றைவாளிதான் நல்லது எண்டு பிசியோ மிஸ் சொன்னவ.

குசினிக்குள்ளையும் வேலை இருக்கு. இடியப்ப உரலைப் பிழியிறதைவிடக் கைக்கு நல்ல எக்சசைஸ் நான் காணேல்லை, முதல் மாவைக் கொஞ்சம் இளக்கமாக் குழைச்சுக் குடுக்கவேணும், இல்லாட்டி பிள்ளைக்கு வெறுத்துப்போம். ரொட்டி மா குழைக்கிறது, உடுப்புப் பிழியிறது, விளக்குமாறு பிடிச்சு முத்தம் கூட்டிறது. திருவலையில இருந்து தேங்காய் திருவிறதுக்கு தோள்மூட்டு, மணிக்கட்டு, முதுகு எல்லாம் ஒண்டாச் சேரவேணும், ஆனா அலகு கூர், அதால நான் பின்னால இருந்து அவளின்ரை கைக்கு மேல கை வைச்சுத்தான் திருவினது. எழுத்துக்கு உதவினதும் இதுகள்தான் எண்டு எனக்கு ஒரு எண்ணம். தோள் உறுதியில்லாமல் விரல் எப்பிடி உறுதியா எழுதும்? அதோட மேசையில இருந்து எழுதேக்க கால் ரெண்டும் தொங்கிக்கொண்டிருந்தது, ஒரு பலகைக்கட்டையைக் காலுக்குக் கீழ வைச்ச உடன நெளியிறது பாதி குறைஞ்சுது. இது ஒரு சதம் செலவில்லாத விசயம், எல்லாருக்கும் சொல்லுறன்.

தோப்புக்கரணத்தையும் விடேல்லை. பிள்ளையார் கோயிலுக்குப் போனால் முந்தி ரெண்டு மூண்டு அரைகுறையாப் போடுவாள், இப்ப முதுகை நேர வைச்சு, குதிக்கால் நிலத்தில பட, மெதுவாக் குந்தி மெதுவா எழும்புறது. மெதுவாச் செய்யிறதுதான் கஷ்டம், கெதியாச் செய்தால் உடம்பு ஏமாத்திப்போடும். அம்மம்மாவுக்குப் பேத்திக்குப் பக்தி கூடிப்போச்சு எண்டு ஒரே சந்தோசம்.

டான்ஸுக்கு விடச் சொல்லிக் கன பேர் சொன்னவை. பரதநாட்டியத்தில முழங்காலை மடிச்சு நிக்கிற அரைமண்டி தொடைக்கும் இடுப்புக்கும் நல்லதுதான், தட்டடவு ஒரே அசைவு திரும்பத் திரும்ப வாறது, தாளமும் இருக்கு, அதால இப்பிடியான பிள்ளைக்கு நல்லாவே பொருந்தும். ஆனா முதலாம் காலத்தில, அதுதான் மெதுவான வேகத்தில, நிண்டு பழக விடுற ரீச்சராப் பாக்கவேணும், மற்றப் பிள்ளையள் மூண்டாங்காலத்துக்குப் போயிட்டினம் எண்டு இவளையும் இழுத்துக்கொண்டு ஓடினால் அடவும் வராது, அழுகைதான் வரும். முதல் போன இடம் எங்களுக்குச் சரிவரேல்லை, இப்ப வேறை ஒருவ, நாலே நாலு பிள்ளையளை வைச்சு வீட்டில பழக்கிறவ. ஒரு எச்சரிக்கை, சில பிள்ளையளுக்கு மூட்டு அளவுக்கு மிஞ்சி வளையும், முழங்கை பின்பக்கம் போகும். பாக்கிறவை "எவ்வளவு வளைவு, டான்ஸுக்கெண்டே பிறந்த பிள்ளை" எண்டு இன்னும் வளைப்பினம். அந்தப் பிள்ளைக்கு வளைக்கிறது இல்லை, மூட்டைச் சுத்தி இருக்கிற தசையை இறுக்கிறதுதான் தேவை.

பந்து பிடிக்கிறது எங்களுக்கு இன்னும் சரிவராத விசயம். சைக்கிளோ தென்னங்குத்தியோ தன்ரை இடத்தில இருக்கும், நீ உன்ரை வேகத்தில செய்யலாம். பந்து அப்பிடி இல்லை, அது வாற வேகத்துக்கு நீ போகவேணும். அதால பலூனில துவங்கினம், பலூன் மெதுவா இறங்கும், யோசிக்க நேரம் குடுக்கும். இப்ப பெரிய மெதுப்பந்து, நிலத்தில ஒருக்காத் துள்ளவிட்டுப் பிடிக்கிறது. கிளித்தட்டிலயும் இதே கணக்குத்தான், தட்டுக்குள்ளால பாய்ஞ்சு ஓடுறது அவளுக்குக் கஷ்டம், எந்தப் பக்கத்தால ஆள் வரும் எண்டு தெரியாது. ஆனா கோட்டில நிண்டு மறிக்கிறவருக்கு அந்த ஒரு கோட்டில இடம் வலமா ஓடினால் காணும். பெடியளிட்டை ரகசியமாச் சொல்லி அவளை மறிக்கிற பக்கம் விடப்பண்ணினன். முதல் ஆளைத் தொட்ட அண்டைக்கு விடிய விடிய அந்தக் கதைதான்.

ஞாயிறுகளில ஏலுமெண்டால் கடலுக்குப் போவம், காரைநகர் கசூரினா இல்லாட்டி வேலணைச் சாட்டி. ரெண்டு இடமும் கனதூரத்துக்கு ஆழம் குறைவு. இடுப்பளவு தண்ணியில நடக்கிறது காலுக்கு நல்ல பாரம், விழுந்தாலும் நோகாது, விழுறதுக்குப் பயப்பிட்ட பிள்ளைக்கு அதுதான் பெரிய விசயம். கரையில உலர்ந்த மணலில நடந்தால் பாதத்தில இருக்கிற சின்னச்சின்னத் தசை எல்லாம் வேலை செய்யும், ஈரமணலில ஓடுறது சுகம், அதால ஈரத்தில துவங்கி உலர்ந்த மணலுக்குப் போங்கோ. கைக்கெட்டுற தூரத்தில ஒரு பெரிய ஆள் கட்டாயம் நிக்கவேணும், ஆழம் குறைவு எண்டு கரையில இருந்து போன் பாக்கிற வேலை கூடாது. கடலுக்குப் போக வசதியில்லாதவைக்கு நல்லூர்த் திருவிழா 25 நாளும் இருக்கு, வீதி முழுக்க மணல் பரவி இருக்கும், கச்சான் வாங்கிக் குடுத்துப்போட்டு வெறுங்காலோட ஓடவிடுங்கோ.

எவ்வளவு நேரம் எண்டு கேப்பினம். ஒரே மூச்சில ஒரு மணித்தியாலம் வேண்டாம். பத்துப் பதினைஞ்சு நிமிசம், ஒவ்வொரு நாளும், அழுகை வாறதுக்கு முதல் நிப்பாட்டவேணும். மற்றப் பிள்ளை யோசிக்காமல் செய்யிறதை இவள் ஒவ்வொண்டா யோசிச்சுச் செய்யிறாள், அதால இவளின்ரை களைப்பு உண்மையான களைப்பு. பள்ளிக்கூடத்தால வந்த உடன ஒண்டும் கேக்கிறேல்லை, சாப்பிட்டு, கொஞ்சம் படுத்தெழும்பி, வெயில் தணிஞ்சாப்பிறகுதான். மருந்து, சத்துமா, விற்றமின் எண்டு யாரும் வந்து இதுக்கு விப்பினம், வாங்காதேங்கோ, டிசிடிக்கு மருந்து இல்லை.

பள்ளிக்கூடத்துக்குச் சொல்லுறதோ விடுறதோ எண்டு வீட்டில பெரிய விவாதம் நடந்தது. இவருக்குப் பயம், பிள்ளைக்கு ஒரு முத்திரை குத்திப்போடுவினம் எண்டு. முத்திரை ஏற்கெனவே ரிப்போட்டில குத்தித்தானே இருக்கு எண்டு நான் சொல்லி, டொக்டரின்ரை கடிதத்தைக் கொண்டுபோய்க் குடுத்தன். இப்ப இருக்கிற வகுப்பு ரீச்சர் தங்கம். கரும்பலகையில இருந்து பாத்தெழுதிறதில பாதியைக் குறைச்சு விட்டிருக்கிறா, முன்வாங்கில இருத்தியிருக்கிறா. பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப்போட்டிக்கு தேசிக்காய் கரண்டி ஓட்டத்தில பேர் குடுத்திருந்தவை, அதை மாத்தி சாக்கோட்டத்தில விடச்சொல்லிக் கேட்டன். சாக்குக்குள்ள எல்லாரும்தானே விழுவினம். அவளும் விழுந்தாள், எழும்பினாள், கடைசிக்கு முதல் ஆளா வந்தாள், மாமி கைதட்டின தட்டு மைதானத்துக்கு மற்றப் பக்கம் கேட்டிருக்கும்.

"வளர வளரச் சரியாப் போம்" எண்டு ஆறுதல் சொல்லுறவைக்கு நான் தலையாட்டிப்போட்டு வந்திடுவன். கன பிள்ளையளுக்கு இது வளர்ந்தாப்பிறகும் இருக்கும். டானியல் ராட்க்ளிஃப் எண்ட பெரிய நடிகர் தனக்கு லேசா டிஸ்ப்ராக்சியா இருக்கெண்டு 2008 இல வெளிப்படையாச் சொன்னவர், மகளுக்கு அதைச் சொல்ல "அவருக்கு லேஸ் கட்டத் தெரியுமோ?" எண்டுதான் கேட்டாள். அவளுக்கு இப்ப அதுதான் பிரச்சினை, வெள்ளைச் சப்பாத்து லேஸ். ரெண்டு நிறத்தில ரெண்டு லேஸ் வாங்கி, ஒரு முனை சிவப்பு ஒரு முனை நீலம் வாறமாதிரி முடிஞ்சு, சப்பாத்தைக் காலில போடாமல் மடியில வைச்சுக் கட்டிப் பழகிறம். முதல் முடிச்சு வந்திட்டுது, அந்த ரெண்டு காது வைச்சுக் கட்டிறதுதான் இன்னும் வழுகுது.

சைக்கிளில அடுத்தது ஒற்றைக் கையை விட்டுச் சிக்னல் காட்டிறது, திரும்பிப் பின்னால பாக்கிறது. தலையைத் திருப்பின உடன சைக்கிளும் சேர்ந்து அந்தப் பக்கம் போகுது. அதுக்கு இப்ப கோயில் வீதியில நான் பின்னால நிண்டு விரலைக் காட்டுறன், அவள் ஓடிக்கொண்டே திரும்பிப் பாத்து எத்தினை விரல் எண்டு சொல்லவேணும். நேற்று மூண்டை நாலெண்டு சொன்னாள், ஆனா விழேல்லை. அது வடிவா வரும் மட்டும் கே.கே.எஸ். பெரிய ரோட்டுக்கு விடுறேல்லை எண்டு சொல்லியாச்சு, அவளுக்குக் கோவம்தான்.